கொள்கை சரி, மக்கள்தான் பிழையா? கசகஸ்தான் தரும் பாடம்

மார்க்சியம் என்றதும் நம்மில் சிலர் ஏழைகளின் விடுதலை என்கிறோம். சிலர் மதத்துக்கு எதிரானது என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறோம். அது ஆட்சிக்கு வந்த இடத்தில் சாதாரண குடும்பங்களுக்கு என்ன நடந்தது என்று தேடிப் பார்ப்பது குறைவு. சோவியத் யூனியனின் கீழிருந்த கசகஸ்தானை எடுத்துப் பார்ப்போம்.

கசாக் முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஆடு, மாடு, குதிரை, ஒட்டகங்களோடு பருவத்துக்கேற்ப இடம் மாறி வாழ்ந்தவர்கள். மழை குறைந்த புல்வெளியில் பிழைக்க முன்னோர் கண்ட வழி அது. ஆனால் கட்சியின் கண்ணுக்கு அது வரலாற்றில் பின்தங்கிய ஒரு படி. மக்கள் அந்தப் படியைச் சீக்கிரம் தாண்ட வேண்டும் என்று முடிவெடுத்தார்கள்.

1928இல் வசதி படைத்தவர்களின் மந்தைகள் பறிமுதலாகின. அடுத்த ஆண்டிலிருந்து மற்றவர்களும் கூட்டுப்பண்ணைகளுக்குள் தள்ளப்பட்டனர். தானியமும் இறைச்சியும் இவ்வளவு தர வேண்டும் என்று அரசு அளவு விதித்தது. பண்ணைகளில் தீவனமும் இல்லை, தொழுவமும் இல்லை. சுமார் 4 கோடியாக இருந்த கால்நடைகள் 1933இல் அரைக் கோடிக்கும் கீழே வந்தன. பஞ்சத்தில் சுமார் 15 இலட்சம் பேர் இறந்தனர். கசாக் இனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அழிந்தது. இலட்சக்கணக்கானோர் சீனாவுக்கும் அயல் பிரதேசங்களுக்கும் ஓடினர்.

இதை உள்ளிருந்தே எதிர்த்தவரும் உண்டு. துரார் ரிஸ்குலோவ் என்ற கசாக் கம்யூனிஸ்ட் தலைவர், மக்கள் பட்டினியால் சாவதை ஸ்டாலினுக்கு எழுதினார். பின்னர் வந்த களையெடுப்பில் கைதாகி, 1938இல் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். 1937 குடிசன மதிப்பீடு எதிர்பார்த்ததை விடக் குறைந்த தொகையைக் காட்டியதும் அது மறைக்கப்பட்டது. அதை நடத்திய அதிகாரிகளும் கைதானார்கள்.

நாம் நேர்மையாகப் பேச வேண்டும். தொழிலாளியின் உழைப்பு சுரண்டப்படுகிறது என்ற மார்க்ஸின் கேள்வி இன்றும் பெறுமதியானது. தன்னுடைய வரலாற்று விளக்கம் மேற்கு ஐரோப்பாவுக்கே உரியது என்று 1881இல் ஒரு கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். ஆனால் வரலாறு போகும் திசை தமக்குத்தான் தெரியும் என்று நம்பிய ஒரு கட்சியின் கையில் நிலமும் உணவும் பத்திரிகையும் சேர்ந்தன. பசித்தவன் முறையிட வேறு வாசல் இருக்கவில்லை.

கசகஸ்தானில் ஒவ்வொரு மே 31ஆம் திகதியும் அந்த மக்களை நினைவுகூருகிறார்கள். நீதி தருவதாக யார் வந்தாலும், எந்தக் கொடியோடு வந்தாலும், நாம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் பிழை விட்டால் அதைச் சொல்ல எங்களுக்கு இடமிருக்குமா?