ஏடெழுதிய கைகள்

அச்சு யந்திரம் நம் நாட்டில் வேரூன்றுவதற்கு முன்பு, தமிழ் நூல்கள் பெரும்பாலும் எழுத்தாணியின் முனையையும் அதைப் பிடித்த கையின் உறுதியையுமே நம்பி உயிர் வாழ்ந்தன. எவ்வளவு பேணினாலும் பனையேடு சில நூற்றாண்டுகளில் செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாகிவிடுமாதலால், யாரேனும் ஒருவர் அமர்ந்து அதைப் பிரதி செய்தே தீரவேண்டியிருந்தது.

அது மிகக் கடினமான வித்தை. அழுத்தம் சற்று மிகுந்தால் முனை ஓலையைத் துளைத்துவிடும் என்றே மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமல் விட்டார்கள். சற்றுக் குறைந்தாலோ, பின்னர் தடவும் மை பற்றிக்கொள்ளக் கீறல் இராது. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள நுட்பமான அழுத்தத்தை ஏட்டுக்கு ஏடு மாறாமல் காப்பதே லேககருடைய சாமர்த்தியம். பழகுகிற பிள்ளைகளுக்குக் கொண்டை கனத்து, முனை அதிகம் கூராகாத குண்டெழுத்தாணியைக் கொடுத்தார்கள். தேர்ந்தவர்களிலோ சிலர் இடக்கைப் பெருவிரல் நகத்தை வளர்த்து, அதில் பிறைபோல் ஒரு பள்ளம் செய்து, எழுத்தாணியை அதிலே பதித்து எழுதினார்கள். அந்தப் பள்ளத்தை வெறும் விநோதமாக நான் கருதவில்லை. நடுங்கும் இயல்புடைய மனிதக் கைக்கு அநுபவம் கண்டுபிடித்துக் கொடுத்த ஊன்றுகோல் அது.

ஆயினும் விருத்தாப்பியத்துக்கு முன்னே அந்த ஊன்றுகோலும் ஓரளவுதான் உதவும். முதுமையில் தசை மெலிவது யாவரும் அறிந்ததே. ஆனால் எழுதுகிறவரை அதிகம் வருத்துவது பலக்குறைவு அன்று. முதுகுத் தண்டிலிருந்து தசைகளுக்கு ஆணை அனுப்பும் நரம்பணுக்கள், ஏறக்குறைய 60 வயதுக்குமேல், சிறிது சிறிதாகக் குறைந்துவர, அவை ஆண்டுவந்த தசைநார்களில் பலவற்றை எஞ்சிய அணுக்கள் தம்வசம் ஏற்றுக்கொள்கின்றன. அதனால் ஓர் ஆணைக்கு முன்னைவிட மிகுதியான நார்கள் ஒருங்கே சுருங்க, மெல்ல மெல்ல ஏறவேண்டிய விசை பெரும் படிகளாக ஏறி இறங்குகிறது. மூட்டை தூக்கும்போது இவ்வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது; மென்மையாக, நெடுநேரம் நீடிக்கவேண்டிய அழுத்தத்திலேதான் அது நன்கு வெளிப்படும். ஏட்டெழுத்து வேண்டுவதும் அந்த அழுத்தத்தையே. போதாக்குறைக்கு, நாற்பதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே கிட்டத்துப் பொருளில் பார்வையும் மங்கத் தொடங்கிவிடுகிறது.

மூத்தவர் சொல்ல இளையவர் எழுதும் பழைய வழக்கத்தின் அருமை இவ்விடத்தில் விளங்குகிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) தம் பிற்பிராயத்தில் செய்யுட்களை வாயாற் சொல்லிவர, மாணாக்கர் ஏட்டில் எழுதியதை உடனிருந்து கண்ட உ. வே. சாமிநாதையர் விரிவாகப் பதிந்திருக்கிறார். அங்கே காரணம் கவித்துவத்தின் வேகமே என்றாலும், கை தளர்ந்த எத்தனையோ பண்டிதர்களுக்கு அதே ஏற்பாடு புகலிடமாக இருந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

சுவடிகளை ஒப்புநோக்குகிறவர்கள், ரகரமும் காலும் மயங்கிப் பிழை மலிந்த பிரதியைக் கண்டவுடன், எழுதினவருடைய அறியாமையை நொந்துகொள்வது வழக்கம். கீறல் ஓரிடத்தில் ஆழ்ந்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வருகிறதா என்பதையும் அவர்கள் கவனித்து, எழுதிய கையின் பிராயத்துக்கும் இடம் கொடுத்தபிறகே அந்த லேககரைப்பற்றித் தீர்ப்புச் சொல்லவேண்டும்.