மக்கட்பேறும் அரசாணையும்



ஒரு குடும்பத்திலே எத்தனை பிள்ளைகள் பிறத்தல் வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு? பெற்றோருக்கா, சமூகத்துக்கா, அரசுக்கா? கேட்பதற்கு எளிய வினாவாகத் தோன்றினும், கடந்த ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளாக இவ்வினாவுக்கு அரசுகள் அளித்த விடைகள் இலட்சக்கணக்கான மக்களின் உடலிலே கத்தியால் எழுதப்பட்டன. வன்னிப் பெருநிலப்பரப்பின் புதுக்குடியிருப்புப் போன்ற ஊர்களில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 2009ஆம் ஆண்டிலே போர் அவ்வூரின் மருத்துவமனையையும் விட்டுவைக்கவில்லை. எஞ்சியவர்கள் முகாம்களிலிருந்து திரும்பி வந்து குடிசை போட்டுக் குடியேறிய அந்த மண்ணில், ஒரு குழந்தை பிறத்தல் ஒரு வீட்டின் செய்தி மட்டுமன்று. ஊரே எண்ணிப் பார்க்கும் செய்தி. ஆகவே இதன் வரலாற்றைச் சற்று நிதானமாக நோக்குவோம.

1883ஆம் ஆண்டில், டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்ட்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர் 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை ஆக்கினார். நற்பிறப்பு என்ற பொருள் தரும் கிரேக்க வேரிலிருந்து பிறந்த அச்சொல்லை நாம் இனமேம்பாட்டியல் என்கிறோம். நல்ல விதையைத் தெரிந்து விதைக்கும் உழவனைப் போல, தக்கோர் மிகுதியாகப் பெறவும் தகாதோர் பெறாதிருக்கவும் வழி செய்தல் வேண்டும் என்பது அக்கொள்கையின் சாரம். தக்கார் யார், தகாதார் யார் என்று தீர்ப்பளிப்பவர் யாவர் என்ற கேள்வியை மட்டும் அக்கொள்கையினர் தமக்குள் கேட்டுக்கொள்ளவில்லை.

1907இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் கட்டாயக் கருத்தடைச் சட்டத்தை இயற்றியது. 1927இல் வர்ஜீனியா மாநிலத்துக் கரி பக் என்னும் இளம்பெண்ணின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, அவளை மந்த புத்தியுடையவள் என்று கூறி மலடாக்குவது சட்டப்படி சரியே என்று நீதிபதிகள் எண்மர் தீர்ப்பளித்தனர், ஒருவரே மறுத்தார். அவளுடைய அறிவில் குறையிருக்கவில்லை என்பதைப் பின்வந்த ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர். 1933 ஜூலையில் ஹிட்லரின் ஜெர்மனி இத்தகைய சட்டத்தை இயற்றி, ஏறத்தாழ 4 இலட்சம் பேரை மலடாக்கிற்று. ஜனநாயகம் தழைத்த சுவீடனில் கூட 1934 முதல் 1970களின் நடுப்பகுதி வரை இவ்வகைச் சட்டங்கள் நடைமுறையில் இருந்தன. ஆகையால் இதனைக் கொடுங்கோலரின் குற்றம் என்று மட்டும் ஒதுக்கிவிடல் இயலாது. நல்லெண்ணம் கொண்ட மருத்துவரும் நீதிபதியரும் இதிலே பங்கு கொண்டனர்.

தமிழகத்திலும் இவ்வெண்ணங்கள் பரவின. 1928இல் சென்னையில் நவ மால்தூசியச் சங்கம் தோன்றியது. நாட்டின் வறுமைக்கு மக்கட்பெருக்கமே காரணம் என்று கற்றறிந்த கனவான்கள் அதிலே பேசினர். அக்காலத்திலேயே பெரியார் ஈ. வெ. ராமசாமி தமது 'குடி அரசு' ஏட்டில் கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதினார். ஆயினும் அவர் காட்டிய காரணம் வேறு. பிறர் தாயின் உடல்நலம், குடும்பச் செல்வம், நாட்டின் பொருளாதாரம் என்று காரணங்கூற, அவர் பெண்ணின் விடுதலை ஒன்றையே தலையாய காரணமாக முன்வைத்தார். கருவி ஒன்றே, ஆயின் அதனைப் பற்றும் கை யாருடையது என்பதிலே அறம் மாறிவிடுகின்றது. இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் பின்வரும் நிகழ்ச்சிகள் தெளிவாக விளங்கும்.

1950களின் பிற்பகுதியில் சென்னை அரசு, சத்திரசிகிச்சைக்கு உடன்பட்ட ஏழைகளுக்குப் பணம் கொடுக்கும் முறையை மேற்கொண்டது. பசித்தவனுக்குக் காட்டும் பணம் அவனுடைய சம்மதத்தை எவ்வளவு தூரம் வளைக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். பணத்திலிருந்து இலக்குக்கும், இலக்கிலிருந்து பலவந்தத்துக்கும் செல்லும் வழி குறுகியது. நெருக்கடி நிலை நிலவிய 1976-77ஆம் ஆண்டில் இந்தியாவிலே 80 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கருத்தடைச் சிகிச்சைக்கு ஆளாயினர். ஆசிரியர்களுக்கும் எழுதுவினைஞர்களுக்கும் ஆட்களைச் சேர்க்கும் கணக்கு விதிக்கப்பட்டது. 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் வடஇந்திய மக்கள் அதற்கு விடையிறுத்தனர்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 1937இல் கொழும்பிலே குடும்பத் திட்ட நிலையம் ஒன்றைத் தொடங்கிய டொக்டர் மேரி இரத்தினம், கனடாவிலே பிறந்து தமிழர் ஒருவரை மணந்து இந்நாட்டுப் பெண்களுக்காகப் பாடுபட்டவர். 1953இல் குடும்பத் திட்டச் சங்கம் அமைந்தது. 1965இல் அரசாங்கம் அப்பணியைத் தாய்சேய் நலச் சேவையோடு இணைத்துக்கொண்டது. வீடு வீடாகச் செல்லும் குடும்பநல மருத்துவமாதரின் உழைப்பால் பிரசவத்திலே தாயர் மாள்வது பெரிதும் குறைந்தது. இந்நன்மையை மறுப்பவர் நன்றி மறந்தவராவர்.

ஆயினும் மறுபக்கம் ஒன்று உண்டு. மலையகத் தோட்டங்களிலே, 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களின் பெண்களிடையே, நிரந்தரக் கருத்தடை செய்துகொண்டோர் விகிதம் நாட்டின் பிற பகுதிகளிலும் மிக உயர்ந்து நின்றது. சத்திரசிகிச்சைக்கு உடன்பட்டோருக்கு 1980களில் பணம் வழங்கப்பட்டது. ஒரு கட்டத்தில் அது 500 ரூபா. கொழுந்து பறிப்பவளுக்கு அது பல நாட்கூலி. மீளக்கூடிய முறைகள் பல இருக்க, மீளமுடியாத ஒன்றே அவளுக்கு முன்னே எடுத்து வைக்கப்பட்டதேன்?

வன்னிக்குத் திரும்புவோம். 2013 ஆகஸ்ட் 31ஆந் தேதி, கிளிநொச்சி மாவட்டத்து மேற்குக் கரையிலுள்ள வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய மூன்று ஊர்களின் தாய்மார், சிறுபிள்ளைகளைச் சோதிப்பதற்கென அழைக்கப்பட்டு, அங்கே கையின் தோலடியில் கருத்தடைக் குச்சிகள் பொருத்தப்பட்டனர் என்று 'சமூகச் சிற்பிகள்' என்னும் அமைப்பு அறிக்கை வெளியிட்டது. தக்க விளக்கம் தரப்படவில்லை என்றும், மறுத்தால் ஆஸ்பத்திரி உதவி கிட்டாது என்று அச்சுறுத்தப்பட்டனர் என்றும் பெண்கள் முறையிட்டனர். பலவந்தம் நிகழவில்லை என்று சுகாதார அதிகாரிகள் மறுத்தனர். அதே காலப்பகுதியில், 2011ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின்படி, படையினரும் பொலிசாரும் மூன்றாவது பிள்ளை பெற்றால் 1 இலட்சம் ரூபா வழங்கப்படுமென அறிவிக்கப்பட்டிருந்தது. படையினருட் பெரும்பாலார் ஒரே இனத்தவர். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த வன்னித் தாய் என்ன எண்ணியிருப்பாள்?

எனினும் ஐயம் வேறு, ஆதாரம் வேறு என்பதையும் மறத்தலாகாது. 2019ஆம் ஆண்டிலே, குருநாகலில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களை இரகசியமாக மலடாக்கினார் என்ற செய்தி பரவியது. அவர் சிறை சென்றார். குற்றப் புலனாய்வுத் திணைக்களமோ அதற்குச் சான்றில்லை என்று நீதிமன்றத்துக்கு அறிவித்தது. கருப்பையைப் பற்றிய அச்சம் எந்த இனத்தையும் வெறிகொள்ளச் செய்யும். அதற்கு மருந்து, ஒவ்வொரு முறைப்பாட்டையும் ஒளிவுமறைவின்றி ஆராய்ந்து அறிவிப்பதே.

இங்கே நம்மவரை நோக்கியும் ஒரு சொல் சொல்லல் கடமையாகும். போரிலே நம்மினம் குறைந்துவிட்டது, ஆதலால் பெண்கள் மிகுதியாகப் பெறவேண்டும் என்று மேடைகளிலே முழங்குவோர் உளர். அவர்களுடைய துயரம் உண்மையானது. ஆயினும், குறைவாகப் பெறு என்று அதட்டும் அதிகாரியும், கூடுதலாகப் பெறு என்று அறைகூவும் தலைவரும் ஒரே தவற்றைத்தான் செய்கின்றனர். இருவரும் பெண்ணைக் குடிக்கணக்கின் ஓர் இலக்கமாக எண்ணுகின்றனர். கணவனைப் போரிலே பறிகொடுத்து இருக்கும் பிள்ளைகளை வளர்க்க அல்லற்படுபவளுக்கும், பிள்ளையை இழந்து மீண்டும் ஒரு மகவை வேண்டுபவளுக்கும் ஒரே கட்டளை எவ்வாறு பொருந்தும்?

ஆகவே, புதுக்குடியிருப்பின் சிகிச்சை நிலையத்துக்கு வரும் ஒரு தாயை வைத்தே எந்தத் திட்டத்தையும் அளந்து பார்க்கலாம். அவளுக்குப் புரியும் தமிழிலே, நன்மையும் தீமையும் சொல்லப்பட்டனவா? வேண்டாம் என்று கூறியபின்பும், நிவாரணமோ மருந்தோ குறையாமல் அவளால் வீடு திரும்ப முடியுமா? இன்று ஏற்றதை நாளை அகற்ற விரும்பினால் அதற்கு வழி உண்டா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை வருமாயின் அது மருத்துவ சேவை. ஒன்றுக்கேனும் இல்லை என்று வருமாயின், திட்டத்துக்கு எவ்வளவு அழகிய பெயர் சூட்டினும் அது பலவந்தமே.