கடல் தாண்டி வந்த குழாயும் டைல்ஸும்

பெருமுக்கல் மலையடிவாரத்துப் பழைய வீடுகளில் குளிப்பதற்கென்று தனி அறை கிடையாது. எல்லாமே கிணற்றடியில்தான். கருங்கல்லில் ஒரு துவைகல், பக்கத்தில் ஒரு கல்தொட்டி, வெந்நீர் போட ஓர் அண்டா. கல்லுக்கு அந்த ஊர்க்காரர்கள் எங்கேயும் போக வேண்டியதில்லை. தலைக்கு மேலேயே மலை நிற்கிறது. 1760-ல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த கோட்டையும், அதற்குப் பல நூற்றாண்டு முன்பே சோழர் காலத்தில் எழுந்த உச்சிக்கோயிலும் அந்தப் பாறையின் மேல்தான் இருக்கின்றன.

இன்று அந்த மலையைச் சுற்றிய திண்டிவனம், மரக்காணம் பகுதியில் வீடு கட்டுகிறவர்களிடம் பேச்சு வேறு மாதிரி இருக்கிறது. சீனாவிலிருந்து கமோடும் மிக்சர் குழாயும் வரவழைத்தால் பாதி விலைக்கு முடியுமாமே என்று கேட்கிறார்கள். ஏதோ இப்போது முளைத்த ஆசை போலத் தோன்றும். ஆனால் இந்தக் கரை இரண்டாயிரம் வருஷமாகக் கடல் தாண்டி வந்த மண்பாண்டத்தையும் ஓடுகளையும் பீங்கானையும் வாங்கிப் பழகிய கரை. வாங்கியதோடு நின்றதும் இல்லை.

கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிபுளூஸ் நூலில் வரும் சோபட்மா என்ற துறைமுகம் மரக்காணம்தான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அதற்குத் தெற்கே, புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலியில் செய்த சிவப்புத் தட்டுகளின் துண்டுகளும் ரோமானியக் குடுவைகளும் கிடைத்தன. கூடவே, உட்பக்கத்தில் வட்டவட்டமாகப் புள்ளி வரிசை பதித்த மெல்லிய கறுப்புத் தட்டுகளும் ஏராளமாகக் கிடைத்தன. இவையும் மேலை நாட்டுச் சரக்கே என்று வீலர் நினைத்தார். பின்னாளில் களிமண்ணைச் சோதித்தவர்கள், அது இந்திய மண் என்றார்கள். இந்தியக் குயவன் செய்ததை மேலை நாட்டுச் சரக்கு என்று நினைத்ததுதான் முதலில் நேர்ந்த தவறு.

கூரையிலும் இதே கதைதான். பிரான்சின் மார்செய் நகரத்து ஓடுகள், ஒன்றோடொன்று கொக்கி போட்டு உட்காரும் தட்டை ஓடுகள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறி உலகம் முழுக்கப் போயின. 1865-ல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் மங்களூரில் நேத்ராவதி ஆற்று மண்ணை வைத்து அதே மாதிரி ஓட்டைச் சுடத் தொடங்கினார். இன்று நம் ஊர்ப்பக்கத்தில் மங்களூர் ஓடு என்றால் தெரியாதவர் இல்லை. மார்செய் ஓடு என்றால் யாருக்கும் தெரியாது.

குளியலறை தனியாக ஒரு அறையாவதற்குக் குழாய்த்தண்ணீர் வர வேண்டியிருந்தது. சென்னைப் பட்டணத்தில் ஜே.டபிள்யூ. மேட்லி என்ற பொறியாளரின் திட்டப்படி 1914-ல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் வந்தது. பாதாளச் சாக்கடை வேலையும் அந்த ஆண்டுகளில்தான் நடந்தது. தண்ணீர் ஊற்றித் தள்ளும் கழிப்பறைக்கு இரண்டும் வேண்டும். பீங்கான் கோப்பையும் தொட்டியும் இங்கிலாந்திலிருந்து வந்தன. மிச்சம் பிடிக்க யாரும் அவற்றை வாங்கவில்லை. இங்கே செய்கிறவர் இல்லாததால் வாங்கினார்கள். கிராமங்களுக்கு அந்தப் பேச்சே எட்டவில்லை.

விலை பார்த்து வெளிநாட்டுச் சரக்கு வாங்கிய கதை ஒன்றை ஆதாரத்தோடு காட்ட வேண்டுமென்றால், தெற்கே செட்டிநாட்டுக்குப் போக வேண்டும்.

நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் வீடுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பர்மா தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் பெல்ஜியம் கண்ணாடியையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். இடுப்பளவு சுவரிலும் பட்டாலை ஓரத்திலும் குளிக்கிற இடத்திலும் ஒட்டியிருக்கும் ஆறங்குலப் பீங்கான் டைல்ஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலரும் இங்கிலாந்து என்பார்கள். ஒரு பகுதி இங்கிலாந்துதான். காய்ந்த களிமண் தூளை இரும்பு அச்சில் அழுத்தி டைல் செய்யும் முறைக்கு 1840-ல் ரிச்சர்ட் புரோசர் காப்புரிமை எடுத்தார். ஸ்டோக் நகரத்து மின்டன் நிறுவனம் அதை வைத்துப் பெரும் வியாபாரம் செய்தது. ரோஜாவும் லில்லியும் புடைத்து நிற்கும் அந்த டைல்ஸ் விலை கூடிய சரக்கு.

அந்த விலையை உடைத்தது ஜப்பான். அவாஜி தீவின் டான்டோ, நகோயாவின் புஜிமி போன்ற நிறுவனங்கள் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டு முடியும் தறுவாயில் அந்த உலர்தூள் முறையைச் சொந்தமாகக் கற்றுக்கொண்டன. முதல் உலகப் போரில் ஐரோப்பியக் கப்பல்கள் நின்றதும் ஆசியச் சந்தை முழுக்க அவர்களுக்குத் திறந்தது. ரோஜாவும் லில்லியும் அப்படியே இருக்க, விலை மட்டும் இறங்கியது. சிங்கப்பூர், பினாங்கு, இந்தியா என்று டைல்ஸ் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. 1931 டிசம்பரில் ஜப்பான் தங்க நாணய முறையை விட்டு விலகி யென் மதிப்பு சரிந்த பிறகு இன்னும் மலிந்தது. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த செட்டியார்களுக்கு இந்த விலை வித்தியாசம் கண்ணில் படாமல் இருக்குமா? வட்டிக் கணக்கில் அரைக்கால் காசு விடாதவர்கள் அவர்கள்.

ஜப்பானியரும் வாங்குகிறவர் மனதை அறிந்து செய்தார்கள். ரவிவர்மா படங்களைப் பார்த்து லட்சுமியையும் கிருஷ்ணனையும் டைல்ஸில் வார்த்து இந்தியாவுக்கென்றே அனுப்பினார்கள். வீடு இடிக்கிற இடத்தில் பெயர்த்தெடுத்த டைல் ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். சிமெண்ட் பிடிக்க வரிவரியாகக் கட்டம், நடுவே நிறுவன முத்திரை, பல நேரம் அதன் கீழேயே ‘மேட் இன் ஜப்பான்’ என்ற எழுத்து. முன்பக்கத்தில் பச்சை மெருகு பள்ளங்களில் தேங்கிக் கருத்தும், மேடுகளில் வடிந்து வெளுத்தும் இருக்கும். கையால் தடவினால் இதழ் இதழாக உணரலாம். மலிவு என்பதற்காக மட்டமாகச் செய்த சரக்கு இல்லை அது. எண்பது, தொண்ணூறு வருஷம் கழித்தும் பல வீடுகளில் நிறம் மங்கவில்லை.

அதே செட்டிநாட்டில், காரைக்குடிக்குப் பக்கத்து ஆத்தங்குடியில், உள்ளூர்க் கைகளும் சும்மா இருக்கவில்லை. சூளை கிடையாது, மெருகு கிடையாது. ஒரு கண்ணாடிப் பலகை, அதன் மேல் பூவேலை அச்சு, அச்சுக்குள் கரண்டியால் ஊற்றும் வண்ணச் சிமெண்ட். அச்சைத் தூக்கிவிட்டு மேலே மணலும் சிமெண்டும் தூவி, ஈரக்கலவை போட்டுத் தட்டி, தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறப்போடுவார்கள். கண்ணாடி பட்ட பக்கம் அதுவாகவே பளபளக்கும். அந்தச் சிமெண்ட் டைல்ஸ் நுட்பமும் ஐரோப்பாவில் பிறந்ததே. ஆனால் ஆத்தங்குடியில் அது வேறொரு பொருளாகிவிட்டது. ஜப்பான் டைல்ஸ் நின்றுபோய் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் ஆத்தங்குடியில் இன்றும் தொட்டிக்குள் டைல்ஸ் ஊறிக்கொண்டிருக்கிறது.

1941-ல் ஜப்பானோடு வணிகம் அறுந்தது. மறு வருஷம் பர்மாவும் போயிற்று.

புதுச்சேரி அந்த நேரத்தில் வேறொரு பாதையில் போனது. 1941-ல் பிரெஞ்சிந்தியாவும் பிரிட்டிஷ் இந்தியாவும் சுங்க ஒப்பந்தம் செய்துகொண்டன. 1949 ஏப்ரலில் சுதந்திர இந்தியா அதிலிருந்து விலகியது. அதன்பின் புதுச்சேரிக்குள் வெளிநாட்டுச் சரக்கு தாராளமாக இறங்க, எல்லைக்கு இந்தப்பக்கம் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிக் கிடந்தது. இரண்டு ஊர்களுக்கு நடுவே விலை அப்படி மாறினால் என்ன நடக்குமோ அது நடந்தது: கைக்கடிகாரமும் தங்கமும் துணியும் எல்லை தாண்டின. பீங்கான் கோப்பையைத் தலையில் வைத்து யாரும் கடத்த முடியாது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்ததோடு அந்தக் கதவு சாத்தப்பட்டது.

அதற்குள் தமிழ்நாட்டில் வேறு வேலை தொடங்கியிருந்தது. தாமஸ் பாரி 1788-ல் சென்னையில் தொடங்கிய நிறுவனம் 1952-ல் இராணிப்பேட்டையில் கழிப்பறைப் பீங்கான் செய்ய ஆரம்பித்தது. பாரிவேர் என்ற பெயர் அப்படி வந்தது. பிற்பாடு, தெற்கே வடலூரில் நெய்சர் பீங்கான் ஆலை எழுந்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க மேலே கிடக்கும் மண்ணை அகற்ற வேண்டும். அந்த மண்ணில் பீங்கானுக்கு ஏற்ற வெள்ளைக் களியும் இருந்தது. வேண்டாமென்று ஒதுக்கக்கூடிய மண் வாஷ்பேசினாகவும் இந்தியக் கழிப்பறைக் கோப்பையாகவும் மாறி, மரக்காணம் வரைக்கும் லாரியில் வந்தது. கிராமத்து ஆசிரியர் வீட்டிலும் உப்பள வியாபாரி வீட்டிலும் கழிப்பறை கட்டும் செலவு கைக்கெட்டியதற்கு இந்த ஆலைகள் பெரிய காரணம்.  பாரிவேர் பிற்பாடு ஸ்பெயின் நாட்டு ரோக்கா நிறுவனத்தின் கைக்குப் போனது.

வெளிநாட்டுக் குழாய் மேல் இருந்த மயக்கம் மட்டும் போகவில்லை. 1969-ல் சென்னைக் கடற்கரைச் சாலையோரம் பர்மா அகதிகளுக்காக வந்த பர்மா பஜாரும், சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வருகிறவர்களின் பெட்டிகளும் ‘ஃபாரின் சாமான்’ என்ற ஆசையை ஊட்டி வளர்த்தன. 2001 ஏப்ரல் 1-ல் நுகர்பொருள் இறக்குமதிக்கு மிஞ்சியிருந்த அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கின. உடனே சீன டைல்ஸ் வந்து குவிந்தது. அடக்க விலைக்கும் கீழே விற்கிறார்கள் என்று உள்ளூர் ஆலைகள் முறையிட, 2003-க்குள் சீனாவிலிருந்தும் ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்தும் வந்த விட்ரிஃபைட் டைல்ஸ் மேல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி விழுந்தது. குஜராத்தின் மோர்பி நகரம் அந்த நிழலில் வளர்ந்து, இன்று உலகத்துக்கே டைல்ஸ் அனுப்புகிறது.

இப்போதும் குவாங்தோங் மாகாணத்தின் போஷானுக்குப் போய், ஒரு வீட்டுக்கு வேண்டிய எல்லாவற்றையும் கண்டெய்னரில் ஏற்றி வருகிறவர்கள் உண்டு. அங்கே காட்டும் விலை உண்மைதான். அதன் மேல் கப்பல் கூலியும் காப்பீடும் ஏறும். இவை சேர்ந்த மொத்தத் தொகைக்குத்தான் சுங்கவரி, அதன் மேல் ஐஜிஎஸ்டி. துறைமுகக் கட்டணம், கிளியரிங் ஏஜென்ட் கூலி, வழியில் உடைந்தது எல்லாம் தனி. பத்து வீடு கட்டும் பில்டருக்கு இது கட்டுப்படியாகலாம். ஒரே ஒரு குளியலறைக்குக் கட்டுப்படியாவது அபூர்வம்.

மரக்காணம் கரைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. உப்பளக் காற்றில் துத்தநாகக் கலவைக் குழாயின் குரோம் பூச்சு சீக்கிரமே கொப்பளித்து உரியும். போர்வெல் தண்ணீரின் உப்பு மிக்சருக்குள் இருக்கும் கார்ட்ரிட்ஜில் வெள்ளையாகப் படிந்து, கைப்பிடியைத் திருக முடியாமல் செய்யும். கமோடு என்றால், தரையிலிருக்கும் துளைக்கும் சுவருக்கும் உள்ள தூரம் நாட்டுக்கு நாடு மாறும். அது பொருந்தாவிட்டால் போட்ட தரையை உடைக்க வேண்டும்.

ஆகவே வெளிநாட்டுக் குழாய்க்கு ஆர்டர் கொடுக்கும் முன், அதைக் கையில் தூக்கிக் கனம் பாருங்கள், பித்தளைதானா என்று கேளுங்கள். உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜின் அளவைக் குறித்துக்கொண்டு திண்டிவனத்து ஹார்டுவேர் கடையில் விசாரியுங்கள். அங்கே அது கிடைக்காது என்றால் அந்தக் குழாயை வாங்காதீர்கள்.