போய் வருகிறேன்!

எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே, ஒருபுறம் பக்கிங்காம் கால்வாய், மறுபுறம் வங்கக் கடல் — இடையிலே காட்டுப்பள்ளி. மீனவர் வலை உலர்த்திய மணற்பரப்பிலே 2013ஆம் ஆண்டு முதல் துறைமுகம்! வானைத் தொடும் பளுதூக்கிகள். மலையென அடுக்கிய சரக்குப் பெட்டகங்கள். கப்பல் வருகிறது, பெட்டகம் இறங்குகிறது. ஆனால், பிறந்த மண்ணைக் காணத் துடிக்கும் பயணி எவனும் அங்கே இறங்குவதில்லை.

அயல்நாட்டிலே பிழைக்கும் தமிழன் இன்று மீனம்பாக்கத்திலே வந்து இறங்குகிறான். கையிலே சில வார விடுப்பு. தாயின் கைச்சோறு உண்கிறான். பிள்ளையைத் தோளிலே சுமந்து மெரினா மணலிலே நடக்கிறான். தியாகராய நகரிலே துணி எடுக்கிறான். காசிமேட்டு மீன் வாங்கிக் குழம்பு வைக்கச் சொல்கிறான். "ஊதாரி" என்று ஊர் முணுமுணுக்கிறது. நாம் அப்படிச் சொல்லமாட்டோம். பாலை வெயிலிலே காய்ந்தவன் கடற்காற்றை நாடுவது குற்றமா? மகிழட்டும்!

ஆனால் தோழர்களே, அந்த மகிழ்ச்சி எவரும் வழங்கிய வரமன்று. வீட்டை விட்டுப் புறப்படும்போது தமிழன் "போகிறேன்" என்பதில்லை. "போய் வருகிறேன்" என்கிறான். அந்த 'வருகிறேன்' என்ற சொல், கடல் கடந்த தமிழனுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டது. சாஸ்திரம் மறுத்தது, ஒப்பந்தம் மறுத்தது, சட்டம் மறுத்தது!

முதலிலே சாஸ்திரத்தைக் காண்போம். 1025ஆம் ஆண்டளவில் கடாரம் வரை கலம் செலுத்தியவன் இராசேந்திரன். அத்தகைய நாட்டிலே, கடற்பயணம் சாதியை இழக்கச் செய்யும் பாவம் என்று விதித்த பௌதாயன தர்ம சூத்திரத்துக்கு மதிப்பு இருந்தது. "பழங்கதைதானே" என்பீர்கள். அல்ல! 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்திலே மாதம் 30 ரூபாய் ஊதியத்துக்கு எழுத்தராக இருந்தார் ஒருவர். 1914 மார்ச்சில் சென்னையிலேயே கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் சென்றார். இராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1919இல் நோயோடு திரும்பினார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள், 32 வயதிலே, சேத்துப்பட்டிலே மறைந்தார். கணித மேதை இராமானுசன்தான் அவர். கடல் கடந்தவர், இராமேசுவரத்தில் பரிகாரம் செய்யாதவர் என்று கூறி, வைதிக உறவினர் பலர் அவருடைய இறுதிச் சடங்குக்கும் வரவில்லை! உலகம் போற்றிய மூளைக்கே இந்தக் கதி. அதே தமிழகத்திலிருந்துதான் 1929 டிசம்பரில் மலேயாவுக்கும், 1931 டிசம்பரில் ஐரோப்பாவுக்கும் பெரியார் கப்பலேறினார். திரும்பியபின் பரிகாரம் தேடவில்லை. மாறாக, கண்டதை நாட்டுக்கு எடுத்துரைத்தார்.

சாஸ்திரம் மிரட்டியது மேல்தட்டை. ஏழை கடல் கடப்பதை மட்டும் எந்தச் சாஸ்திரியும் ஓடிவந்து தடுக்கவில்லை! அவன் திரும்புவதைத் தடுத்தது வேறொன்று — ஒப்பந்தக் கூலி முறை.

1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்டது. அன்று இங்கே துறைமுகம் இல்லை. மசூலாப் படகிலே அலையைக் கிழித்துச் சென்று, எட்ட நின்ற கப்பலை அடைய வேண்டும். நவம்பர் 16இல் டர்பன் கரை. அதன்பின் நேட்டால் கரும்புத் தோட்டம். பத்தாண்டு இருந்தால் ஊர் திரும்பக் கட்டணமில்லாப் பயணம் என்றனர். இடையிலே தாய் இறந்தால்? தங்கைக்குத் திருமணம் என்றால்? ஒப்பந்தத்திலே அதற்கெல்லாம் இடமேது! 1895இல் நேட்டால் அரசு இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. அதன்பின் வந்தவர்கள், ஒப்பந்தம் முடிந்ததும் ஒரேயடியாகத் திரும்பிவிட வேண்டும். அல்லது மீண்டும் கூலியாகப் பதிய வேண்டும். அல்லது ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்டவேண்டும். 'கிட' என்றது சட்டம். 'ஒழி' என்றது சட்டம். 'போய்ப் பார்த்துவிட்டு வா' என்ற சொல் மட்டும் அதன் நாவிலே வரவில்லை.

அந்த வரியை எதிர்த்த போராட்டத்திலே சிறை சென்றவர்களுள் ஒருத்தி, ஜோகன்னசுபர்க்கிலே பிறந்த தில்லையாடி வள்ளியம்மை. சிறையிலே நோயுற்று, விடுதலையான சில நாட்களிலே, 1914 பிப்ரவரி 22இல் மறைந்தாள். வயது 16. அந்த ஆண்டிலேயே 3 பவுன் வரி ஒழிந்தது. பெயரோடு ஒட்டிய தில்லையாடியை அவள் கண்ணால் கண்டதே இல்லை! ஊர் காண முடியாத தலைமுறைக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மலேயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிந்தது. கங்காணி ஆள்சேர்ப்பு 1938இல் நின்றது. தளை தளர்ந்தபின்தான் 'விடுப்பு' என்ற சொல்லுக்கு உயிர் வந்தது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. தகரப் பெட்டியும் பாயுமாய்த் தளத்திலே படுத்து வந்தான் தொழிலாளி. ஊருக்குப் புறப்படுமுன் பட்டணம் பார்த்தான். மூர் மார்க்கெட்டிலே பொம்மை வாங்கினான். மிருகக்காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும், எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் அழைத்த மக்களோடு மக்களாய் வியந்து நின்றான். கல்லூரி வாயிலை மிதியாதவனுக்கு அவைதாம் கல்லூரிகள்! ரஜூலாவுக்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியது. அத்தோடு அந்தப் பயணமும் ஓய்ந்தது. மூர் மார்க்கெட்டும் அதே ஆண்டிலே எரிந்தது.

விரும்பி வருவது வேறு. விரட்டப்பட்டு வருவது வேறு. பர்மாவிலே 1964இல் கடைகள் அரசுடைமையாயின. தலைமுறை தலைமுறையாய்ச் சேர்த்ததை இழந்து, கப்பல் கப்பலாய்ச் சென்னை வந்தனர் தமிழர். வியாசர்பாடியிலும் எர்ணாவூரிலும் குடியிருப்புகள் எழுந்தன. கடற்கரைச் சாலையிலே கடை விரித்தனர். அத்தோவின் சுவையை நமக்குத் தந்தனர். அவர்களுக்கு ஊர் திரும்புதல் விடுப்பு அன்று, வேரறுப்பு.

இன்றேனும் எல்லாம் தீர்ந்ததா? வளைகுடாவிலே முதலாளியின் இசைவின்றி நாட்டை விட்டுப் புறப்பட முடியாத முறை நெடுநாள் நீடித்தது. கத்தார் அதனைப் பெரும்பாலோர்க்கு 2018இலும், வீட்டு வேலை செய்வோர்க்கு 2020 சனவரியிலும் நீக்கியது. சவூதி 2021 மார்ச்சில் தளர்த்தியது; வீட்டு வேலையாட்கள் அதிலே சேரவில்லை. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றிலே, ஒப்பந்தம் முடிந்தும் கரையேற முடியாமல் உலகெங்கும் ஏறத்தாழ 4 இலட்சம் கடலோடிகள் கப்பலிலேயே சிறைப்பட்டனர். பெட்டகங்கள் கரையேறின, மனிதன் கரையேறவில்லை!

ஆகவே தோழர்களே, விடுப்பிலே வரும் அண்ணனிடம் "என்ன கொண்டு வந்தாய்?" என்று கேட்குமுன், "எத்தனை நாள் விடுப்பு? ஊதியத்தோடு தந்தார்களா? கடவுச்சீட்டு உன் கையிலே இருக்கிறதா?" என்று கேளுங்கள். இல்லையெனில், அது அவனுடைய தலைவிதியன்று. அவனுக்கு இழைக்கப்பட்ட அநீதி. விதியென்று அழுதவர்கள் தோட்டத்திலே மடிந்தனர்; உரிமையென்று எழுந்தவர்கள் 3 பவுன் வரியை முறித்தனர்.

காட்டுப்பள்ளிக் கரையிலே நின்று, தொடுவானத்திலே மறையும் கப்பலைக் காண்கிறோம். அதிலே செல்பவன் எந்நாட்டவனாயினும், அவனுக்கும் ஒரு தாய் உண்டு. ஒரு தெரு உண்டு. "போய் வருகிறேன்" என்று அவளிடம் சொல்லித்தான் அவனும் புறப்பட்டிருப்பான். அந்தச் சொல் பொய்க்காத உலகைப் படைப்போம்!