விடுவித்த பின் பதினான்கு ஆண்டுகள்

பீகாரின் முசாபர்பூர் அமர்வு நீதிமன்றம் 1968 ஜூன் 3 அன்று ருதுல் சா என்பவரை விடுவித்துத் தீர்ப்பளித்தது. அவர் சிறையை விட்டு வெளியேறியதோ 1982 அக்டோபர் 16 அன்று.

பீகார்ச் சிறைகளின் நிலையை நாடு அதற்கு முன்பே அறிந்திருந்தது. விசாரணைக் கைதிகள் பல்லாண்டுகளாக அங்கு முடங்கிக் கிடப்பதைப் பற்றி 1979 ஜனவரியில் வெளிவந்த நாளிதழ்க் கட்டுரைகளைக் கொண்டு, வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தார். அதுவே ஹுசைனாரா காத்தூன் வழக்கு. விரைவான விசாரணை, அரசியலமைப்பின் 21ஆவது உறுப்பில் அடங்கிய உரிமை என்பது அவ்வழக்கில் உறுதியாயிற்று. ருதுல் சாவுக்காக வாதிட்டவரும் ஹிங்கோரானியே.

ஆட்கொணர்வு மனுவுக்கு ஓர் எல்லை உண்டு. அடைபட்டவர் வெளியே வந்ததும் மனு பயனற்றதாகிவிடும். 1982 நவம்பரில் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, அவரை விடுவித்துவிட்டோம் என்று அரசு கூறியது. ஆனால் மனுவில் விடுதலையோடு மறுவாழ்வு உதவியும் இழப்பீடும் கோரப்பட்டிருந்தன. நீதிமன்றம் விளக்கம் கேட்டது.

மாதங்கள் பல கடந்து வந்த பதிலில், அவர் மனநலம் குன்றியிருந்தார் என்றது அரசு. எந்த மருத்துவர், எப்போது கண்டறிந்தார், என்ன சிகிச்சை தரப்பட்டது? பதிலில் இவற்றுக்கு விடையில்லை. அரசின் கூற்றுப்படியே, அவர் நலமாக இருப்பதாக மருத்துவர் அறிக்கை தந்தது 1977 பிப்ரவரியில். அதன் பின்னும் ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் கதவு திறக்கவில்லை. மனம் பிறழ்ந்திருந்தால்கூட, முறையற்ற சிறைவாசமே அதற்குக் காரணமாகியிருக்கலாம் எனத் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் கருதினார்.

இழப்பீடுதான் சிக்கலான கேள்வி. அறுபதுகளில் தீர்ப்பான கஸ்தூரிலால் வழக்கில், மீரட் காவலர்கள் பறிமுதல் செய்த நகை வணிகரின் தங்கத்தைக் காவலர் ஒருவரே கையாடித் தலைமறைவானார். இறையாண்மைச் செயல் எனக் கூறி, அதற்கு அரசு பொறுப்பேற்க வேண்டியதில்லை என்றது அதே உச்ச நீதிமன்றம். பொன்னுக்கே கணக்கு இல்லை என்றான பின், ஒரு மனிதனின் ஆண்டுகளுக்கு யார் கணக்குச் சொல்வது?

1983 ஆகஸ்ட் 1 அன்று வந்த தீர்ப்பு அத்தடையைச் சுற்றி வேறு வழி கண்டது. அடிப்படை உரிமையைக் காக்கும் 32ஆவது உறுப்பின் கீழேயே இழப்பீடு வழங்கலாம். வெறும் விடுதலை ஆணையோடு நின்றுவிட்டால் 21ஆவது உறுப்பு பொருளிழந்துவிடும் என்றது. முன்னரே தரப்பட்ட 5,000 ரூபாயுடன் மேலும் 30,000 ரூபாய் தர ஆணையிட்டது. கணக்கிட்டால் மாதத்துக்கு ஏறத்தாழ இருநூறு ரூபாய். மிகச் சிறிய தொகைதான். நீதிமன்றமும் இதை இடைக்கால நிவாரணமாகவே கருதி, முழு இழப்பீட்டுக்கு உரிமையியல் வழக்குத் தொடரும் வழியைத் திறந்து வைத்தது.

பின்னாளில், காவலில் இருந்த மகனை இருப்புப்பாதையில் பிணமாகக் கண்ட ஒடிசாத் தாய் நீலபதி பெஹெரா உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதம் மனுவாக ஏற்கப்பட்டது. அவருக்கு 1,50,000 ரூபாய் வழங்க ஆணையிட்ட 1993ஆம் ஆண்டுத் தீர்ப்பு, அடிப்படை உரிமை மீறப்பட்ட இடத்தில் இறையாண்மை என்ற வாதம் செல்லாது எனத் தெளிவாகவே எழுதியது. அதற்கு அடித்தளமாகக் கொண்டவற்றுள் ருதுல் சா வழக்கும் ஒன்று.