வெள்ளைக்கு முதல் காய் எது? உத்திரமேரூர் குடம் சொல்லும் பதில்

செஸ் கத்துக்கிற எல்லாரும் முதல் வாரத்திலேயே கேட்கிற ஒரு கேள்வியோடதான் இந்த எபிசோடை ஆரம்பிக்கிறோம். வெள்ளைக் காய் நம்ம கையில இருக்கு. எதை முதல்ல நகர்த்துறது? எது பெஸ்ட்?

கேள்வி செஸ் பற்றியது. ஆனா பதிலைத் தேடி நாம போகப்போறது காஞ்சிபுரம் மாவட்டத்துல இருக்கிற உத்திரமேரூருக்கு. ஏன்னு போகப்போகப் புரியும்.

முதல்ல கணக்கைப் பார்த்துடலாம். ஆட்டம் தொடங்கும்போது வெள்ளைக்கு 20 வழிகள் இருக்கு. எட்டு சிப்பாய்களும் ஒரு கட்டமோ இரண்டு கட்டமோ போகலாம், அது 16. இரண்டு குதிரைகளுக்கும் தலா இரண்டு, அது 4. மொத்தம் 20.

ஆனா இந்த 20 என்கிற எண்ணே எப்பவும் இருந்தது இல்லை. நம்ம ஊர்ப் பழைய சதுரங்கத்தில், பல வட்டாரங்களில், சிப்பாய் முதல் நகர்வில்கூட ஒரு கட்டம்தான் போகும். அப்போ வழிகள் 12 மட்டுமே. இன்னைக்கு உலகமே ஆடுற 'இ4', அதாவது ராஜாவுக்கு முன்னாடி நிற்கிற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுறது, அந்த ஆட்டத்தில் சாத்தியமே இல்லை. 'வெள்ளைதான் முதலில் ஆடணும்' என்கிற விதியும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் நிலைபெற்றது.

கல்கத்தாவுக்கு வந்த கிராமத்துக்காரர்

இந்த ஒரு கட்ட விதி உலக செஸ்ஸையே மாற்றின கதை ஒண்ணு இருக்கு. 1840களின் கடைசி. கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்று ஒரு ஸ்காட்லாந்து வழக்கறிஞர். அந்தக் காலத்தின் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர். வங்காளத்தில் ஒரு கிராமத்தில் தோல்வியே தெரியாத ஒருத்தர் இருக்கார்னு கேள்விப்படுறார். அவர் பெயர் மொகேஷ் சந்திர பானர்ஜி. அவரைக் கல்கத்தாவுக்கு வரவழைக்கிறார். இரண்டு பேரும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடுறாங்க.

ஐரோப்பிய விதிகளில் ஆடும்போதும் பானர்ஜி பழைய பழக்கத்தை விடவில்லை. சிப்பாயை மெதுவா ஒவ்வொரு கட்டமா நகர்த்துவார். பிஷப்பை நீண்ட மூலைவிட்டத்தில் உட்காரவைப்பார். நடுப்பகுதியை எதிராளியிடம் கொடுத்துட்டு, பிறகு அதை உடைப்பார். அன்றைய ஐரோப்பியர்களுக்கு இது விநோதமா இருந்திருக்கும். ஆனா 'இந்தியன் டிஃபென்ஸ்' என்கிற பெயரே இந்த ஆட்டங்களில் இருந்து வந்ததுதான். 1855இல் அவர் ஆடின ஒரு ஆட்டத்தின் தொடக்கத்துக்கு, சுமார் 67 வருஷம் கழிச்சு, 1922இல் அதை ஆடின எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்டின் பெயர் கிடைச்சது. இன்னைக்கும் அது 'குருன்ஃபெல்ட் டிஃபென்ஸ்'தான். மொகேஷ் சந்திரரின் பெயர் அதில் இல்லை.

இதிலிருந்து எனக்குத் தெரியுற விஷயம்: 'சிறந்தது' என்பது விதியோடும் பழக்கத்தோடும் மாறும். ஒரு காலத்தின் விநோதம் இன்னொரு காலத்தின் பாடப்புத்தகம்.

குடத்துக்குள் ஓலை

சரி, இப்போ உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்கள் முழுக்கக் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தது, 919ஆம் ஆண்டும் 921ஆம் ஆண்டும். நம்ம பள்ளிப் புத்தகத்தில் குடவோலைன்னு படிச்சோமே, அதுதான்.

இந்தக் கல்வெட்டு எங்கேயுமே "யார் ரொம்பத் திறமையானவர்?" என்று கேட்கவில்லை. அது முதலில் கேட்பது, "யார் கூடாது?" வயது 35க்குக் கீழே, 70க்கு மேலே என்றால் கூடாது. வரி கட்டும் நிலம் கால் வேலியாவது வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். முன்னாடி வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது, அவருடைய உறவினரும் கூடாது. கடந்த மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவரும் கூடாது.

இப்படி வடிகட்டினதுக்கு அப்புறம்தான் குலுக்கல். 30 குடும்புகள், அதாவது வார்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஓலைக்கட்டு. எல்லாம் குடத்தில். விவரம் தெரியாத ஒரு சிறுவன் கைவிட்டு எடுக்கணும். மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரிச்சு உள்ளங்கையில் வாங்கணும், எதையும் மறைக்கலைன்னு எல்லாரும் பார்க்கிற மாதிரி.

ஒண்ணு சொல்லிடணும். இது எல்லாருக்குமான ஜனநாயகம் இல்லை. இது பிராமணக் குடியிருப்பின் சபை. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டும். மற்றவர்களின் பெயர் அந்தக் குடத்துக்குள் போகவே இல்லை. அதை மறந்துட்டு வெறும் பெருமை பேசக்கூடாது. ஆனா தேர்வு செய்யும் முறையில் இருக்கிற யோசனை கூர்மையானது. தகுதி இல்லாததை நீக்கு. மிச்சம் இருப்பது ஏறக்குறைய சமம். அதில் யாரும் முன்கூட்டியே கணிக்க முடியாதபடி எடு. ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப உட்காரவைக்காதே.

சிங்கப்பூர், 2024

இப்போ இதை மனசில் வெச்சுக்கிட்டு குகேஷைப் பாருங்க. 2024 நவம்பர் 25, உலக சாம்பியன்ஷிப் முதல் ஆட்டம், எதிரே டிங் லிரென். 18 வயசுப் பையன் வெள்ளையில் 'இ4' ஆடினார். தோற்றார். மொத்தப் போட்டிக்கும் முதல் அடி.

அடுத்து வெள்ளை கிடைத்தபோது, மூன்றாம் ஆட்டத்தில், ராணிக்கு முன்னாடி இருக்கிற சிப்பாயை நகர்த்தினார், 'டி4'. ஜெயித்தார். ஐந்தாம் ஆட்டத்தில் மறுபடி 'இ4', டிரா. ஏழில் குதிரையை 'எஃப்3'க்கு, டிரா. ஒன்பதில் 'டி4', டிரா. பதினொன்றில் மறுபடி குதிரை, வெற்றி. பதின்மூன்றில் 'இ4', டிரா. ஏழு வெள்ளை ஆட்டம், மூன்று வித முதல் நகர்வு. ஒன்றைக்கூட அடுத்தடுத்து இரண்டு தடவை ஆடவில்லை. டிசம்பர் 12 அன்று, கறுப்புக் காய்களோடு, 14ஆம் ஆட்டத்தை ஜெயித்து 7.5–6.5 என்று பட்டம் வாங்கினார்.

இன்றைய கம்ப்யூட்டர்களைக் கேட்டாலும் 'இ4', 'டி4', 'சி4', குதிரை 'எஃப்3', இந்த நான்குக்கும் நடுவில் வித்தியாசம் மிகக் கொஞ்சம்தான். பாபி ஃபிஷர் வாழ்நாள் முழுக்க 'இ4'தான் சிறந்தது என்று நம்பினவர். அவரே 1972இல் ஸ்பாஸ்கிக்கு எதிரா ஆறாம் ஆட்டத்தில் 'சி4' ஆடி ஜெயித்தார். எதிராளி அதை எதிர்பார்க்கவில்லை என்பதுதான் அதன் பலம்.

அப்போ பதில் என்ன? நீங்க இப்பதான் கத்துக்கிறீங்கன்னா 'இ4' ஆடுங்க. பிஷப்புக்கும் ராணிக்கும் உடனே வழி திறக்கும், ஆட்டம் சீக்கிரம் புரியும். கொஞ்சம் வளர்ந்த பிறகு, முதலில் வடிகட்டுங்க. ராஜாவின் காவலைத் திறந்துவிடுற 'எஃப்3', 'ஜி4' மாதிரி நகர்வுகளுக்கு வாரியத்தில் இடம் கிடையாது. மிச்சம் இருக்கிற மூணு நாலு ஓலையைக் குடத்தில் போடுங்க. ஒன்றை எடுத்து, அதை நல்லா ஆடிப் பழகுங்க. பிறகு அடுத்தது.

அடுத்த தடவை செஸ் போர்டு முன்னாடி உட்காரும்போது, ஒருத்தர் இரண்டு கையையும் மூடி "எந்தக் கை?" என்று நீட்டுவார் இல்லையா? அப்போ ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி விரிஞ்ச அந்த உள்ளங்கை ஞாபகம் வரட்டும்.