ஒரு வெடி, பன்னிரண்டு உயிர், ஒரு விரல்

ஹாரி பாட்டர் கதைகளில் வெடிக்க வைக்கும் மந்திரங்களுக்குப் பஞ்சமில்லை. 2007இல் வந்த கடைசி நாவலில், துரத்தி வருபவர்களை வீழ்த்த ஹாரி மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டுப் பெட்டியையே ‘கன்ஃபிரிங்கோ’ சொல்லித் தகர்க்கிறான். அதே நாவலில் ஹெர்மயனி விட்ட அதே மந்திரம் அறைக்குள் எகிறித் தெறித்து ஹாரியின் மந்திரக்கோலை முறித்துப்போடுகிறது. ‘பொம்பார்டா’ 2004ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்காகச் சேர்க்கப்பட்டது. ஆனால் ஏழு நாவல்களின் போக்கையும் மாற்றிய வெடிமந்திரத்துக்குப் பெயரே சொல்லப்படவில்லை. சொன்னவன் பீட்டர் பெட்டிக்ரூ. இந்த வாரம் அந்த ஒரு வெடியைப் பற்றியும், அது நடந்ததாகக் கதை சொல்லும் நாட்டில் உண்மையாகவே நடந்த இன்னொரு வெடியைப் பற்றியும் பார்ப்போம்.

கதைப்படி அது 1981 நவம்பரின் தொடக்கம். ஹாரியின் பெற்றோர் அக்டோபர் 31 இரவு கொல்லப்பட்டுவிட்டார்கள். அவர்கள் ஒளிந்திருந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தவன் பெட்டிக்ரூ. அது தெரிந்த அவர்களின் நண்பன் சிரியஸ் பிளாக், பட்டப்பகலில் ஒரு கடைத்தெருவில் அவனை மடக்குகிறான். பெட்டிக்ரூ முந்திக்கொள்கிறான். நண்பர்களைக் காட்டிக் கொடுத்தது நீதான் என்று தெருவுக்கே கேட்கும்படி சிரியஸைப் பார்த்துக் கத்துகிறான். முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்த மந்திரக்கோலால் தெருவையே பிளக்கிறான். அவனைச் சுற்றி இருபதடிக்குள் நின்றவர்கள் அத்தனை பேரும் சாகிறார்கள். பன்னிரண்டு பேர், எல்லோரும் மந்திரம் அறியாத சாதாரண மக்கள். தரை பிளந்து கீழே ஓடும் சாக்கடை தெரிகிறது. தன் விரலைத் தானே வெட்டிப் போட்டுவிட்டு, எலியாக உருமாறி அந்தச் சாக்கடைக்குள் இறங்கிவிடுகிறான் பெட்டிக்ரூ.

அடுத்த சில நிமிடங்களில் நடப்பவைதான் என்னைத் திரும்பத் திரும்ப இந்தக் காட்சிக்கு இழுப்பவை. மந்திர அமைச்சகத்தின் மாயப் பேரழிவுத் துறையிலிருந்து வரும் கார்னீலியஸ் ஃபட்ஜ் முதலில் வந்து சேர்பவர்களில் ஒருவர். குழி, பிணங்கள், நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருக்கும் ஒருவன். அந்தச் சிரிப்பே குற்றத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. பார்த்த மக்களிடம் என்ன நடந்தது என்று கேட்கிறார்கள்; கேட்டு முடித்ததும் அவர்கள் நினைவையே அழித்துவிடுகிறார்கள். இனி அவர்களை யாரும் குறுக்கு விசாரணை செய்யவே முடியாது. வெளியுலகுக்கு, எரிவாயு வெடித்துவிட்டது என்று அறிவிப்பு. பெட்டிக்ரூவின் தாயிடம் ஒரு விரலையும் ஒரு வீரப் பதக்கத்தையும் கொடுக்கிறார்கள். சிரியஸ் அஸ்கபான் சிறைக்குப் போகிறான். விசாரணை இல்லை. சட்ட அமலாக்கத் துறைத் தலைவர் பார்ட்டி கிரவுச் அவனை நீதிமன்றத்தில் நிறுத்தவே இல்லை என்பது நான்காவது நாவலில்தான் நமக்குத் தெரியவருகிறது.

அந்த நான்காவது நாவலிலேயே இன்னொரு காட்சியும் உண்டு. கைப்பற்றிய ஒரு மந்திரக்கோலை எடுத்து, அதன் நுனியில் தன் கோலின் நுனியை வைத்து அமைச்சக அதிகாரி ஏமஸ் டிகரி ஒரு மந்திரம் சொல்கிறார். அது கடைசியாகச் செய்த மாயம் நிழல்போல் எழுந்து நிற்கிறது. மாயவுலகின் தடயவியல் சோதனை அது. அரை நிமிட வேலை. சிரியஸின் கோலுக்கு அதை யாரும் செய்து பார்த்ததாகக் கதையில் எங்கும் வரவில்லை. கதாசிரியரின் ஓட்டை என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோபத்தில் கொதிக்கும் ஓர் அரசு எதைச் சோதிக்கும், எதைச் சோதிக்காது என்பதற்கு இங்கிலாந்தின் சொந்த வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

1974 நவம்பர் 21, வியாழன் இரவு. பர்மிங்ஹாம் நகர மையத்தில் மல்பெரி புஷ், டேவர்ன் இன் த டவுன் என்ற இரண்டு மதுக்கூடங்களில் பத்து நிமிட இடைவெளியில் குண்டுகள் வெடித்தன. 21 பேர் இறந்தார்கள். 180க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பலர் இளவட்டங்கள். ஐரிஷ் குடியரசுப் படையின் வேலை இது என்று நகரம் கொதித்தது. நவம்பர் முடிவதற்குள் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் ஒன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. குற்றச்சாட்டே பதியாமல் ஒருவரை ஏழு நாள் வரை காவலில் வைக்க அது வழிசெய்தது.

அன்று இரவு 7.55 ரயிலில் ஐந்து ஐரிஷ்காரர்கள் பர்மிங்ஹாமிலிருந்து ஹேஷம் துறைமுகத்துக்குக் கிளம்பியிருந்தார்கள். கோவென்ட்ரியில் குண்டு வைக்கப்போய் அதே குண்டுக்குப் பலியான ஜேம்ஸ் மெக்டேடின் இறுதிச் சடங்குக்காக பெல்ஃபாஸ்ட் போகும் பயணம் அது. வழியெல்லாம் சீட்டாடிக்கொண்டே போனார்கள். துறைமுகத்தில் போலீஸ் மறித்தது. ரயில் நிலையம் வரை வந்து வழியனுப்பிய ஆறாவது ஆளும் பிறகு கைதானார்.

மோர்கம் காவல் நிலையத்தில் அவர்கள் கைகளைத் தடயவியல் நிபுணர் ஒருவர் சோதித்தார். ஈதரில் நனைத்த பஞ்சால் விரல்களைத் துடைத்து, அந்தத் துடைப்பில் காஸ்டிக் சோடாவும் கிரீஸ் கரைசலும் சேர்ப்பார்கள். இளஞ்சிவப்பாக மாறினால் வெடிமருந்தைத் தொட்ட கை என்று முடிவு. இருவருடைய கைகளில் நிறம் வந்தது. நைட்ரோகிளிசரின்தான், ஏறக்குறைய உறுதி என்று அவர் நீதிமன்றத்தில் சொன்னார். பத்தாண்டு கழித்து, 1985இல், ‘வேர்ல்டு இன் ஆக்‌ஷன்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி அதே சோதனையை வேறு வேதியியலாளர்களை வைத்துச் செய்து பார்த்தது. நைட்ரோசெல்லுலோஸ் பூசிய சீட்டுக்கட்டைக் கலைத்த கையிலும் அதே இளஞ்சிவப்பு வந்தது.

சீட்டுக்கட்டு! அந்த ஐவரும் ரயிலில் எதைக் கையில் வைத்திருந்தார்கள் என்று அன்றைக்கே ஒரு கேள்வி கேட்டிருந்தால்?

யாரும் கேட்கவில்லை. ஆறு பேரில் நால்வர் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அடித்து வாங்கியது என்று விசாரணையில் சொன்னார்கள், எடுபடவில்லை. 1975 ஆகஸ்டில் லங்காஸ்டர் கோட்டையில் அறுவருக்கும் ஆயுள் தண்டனை. போலீஸ் மீது அவர்கள் போட்ட வழக்கை 1980இல் நீதிபதி டென்னிங் தள்ளுபடி செய்த விதத்தைப் படிக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. இவர்கள் ஜெயித்தால் போலீஸ் அடித்ததும் பொய் சாட்சி சொன்னதும் உண்மை என்றாகும். அப்படியொரு கோர நிலைமையைக் கற்பனை செய்யவே முடியாது, ஆகவே இந்த வழக்கு மேலே போகக் கூடாது. இதுதான் அவர் வாதத்தின் சாரம். உண்மையாக இருந்தால் தாங்க முடியாது என்பதற்காகவே ஒன்றைப் பொய் என்று ஒதுக்கிவிட்டார், நாடு போற்றிய நீதிபதி.

கிறிஸ் மல்லின் என்ற பத்திரிகையாளர் விடவில்லை. உண்மையில் குண்டு வைத்தவர்களையே தேடிப் போய்ப் பேசினார். 1986இல் புத்தகமாக எழுதினார். 1988 மேல்முறையீடும் தோற்றது. கடைசியில் காட்டிக் கொடுத்தது காகிதம். மேல்தாளில் எழுதும்போது அடித்தாளில் பதியும் கண்ணுக்குத் தெரியாத அழுத்தத் தடங்களை நிலைமின்சாரத்தால் வெளிக்கொணரும் கருவி வந்திருந்தது. ஒரே மூச்சில் எழுதியதாகப் போலீஸ் சத்தியம் செய்த விசாரணைக் குறிப்புகள் அப்படி எழுதப்பட்டவை அல்ல என்று அது காட்டியது. 1991 மார்ச் 14 அன்று அறுவரும் விடுதலையாகி லண்டன் நீதிமன்ற வாசலில் நின்றார்கள். உள்ளே போய்ப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. சிரியஸுக்குப் பன்னிரண்டு.

இந்த வழக்கைப் பார்த்துத்தான் ஹாரி பாட்டர் கதாசிரியர் ரௌலிங் சிரியஸை எழுதினார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் கல்லூரி முடித்த இருபதுகளில் அவர் லண்டனில் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் தலைமையகத்தின் ஆப்பிரிக்க ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தவர். சர்வாதிகார நாடுகளிலிருந்து கடத்திவரப்பட்ட கடிதங்களைப் படித்ததையும், சித்திரவதைக்கு ஆளான ஓர் இளைஞரைப் பாதாள ரயில் நிலையம் வரை கொண்டுபோய் விட்டதையும் 2008இல் ஹார்வர்டு பல்கலைக்கழக உரையில் அவரே சொல்லியிருக்கிறார். விசாரணையின்றி அடைத்துவைப்பது என்றால் என்னவென்று அறிந்த கை எழுதிய காட்சி அது. அதனால்தான் குழந்தைகள் நாவலொன்றில் வெடி வெடித்த மறுகணம் கவனம் மந்திரத்தின் மீது நிற்காமல், அந்தப் புழுதி அடங்குமுன் அதிகாரிகள் என்ன செய்கிறார்கள் என்பதன் மீது போகிறது.

ஆறாவது நாவலின் முதல் அத்தியாயத்தில் ஃபட்ஜ் பிரிட்டனின் பிரதமரைச் சந்திக்கிறார். தப்பியோடிய கொலைகாரன் சிரியஸ் பிளாக்கைப் பற்றி முன்பு எச்சரித்த அதே மனிதர், தவறு நடந்துவிட்டது, அவன் நிரபராதி, இப்போது இறந்தும் போய்விட்டான் என்று ஒரு பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகிறார். பர்மிங்ஹாம் அறுவர் வெளியே வந்த அன்றே அரசு குற்றவியல் நீதி குறித்த ஆணையம் ஒன்றை அறிவித்தது. அதன் பயனாக, தவறான தீர்ப்புகளை மறுபடி ஆராயும் நிரந்தர அமைப்பு 1997இல் வேலையைத் தொடங்கியது. இறந்த 21 பேரின் குடும்பங்களுக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை. சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று மரண விசாரணை ஜூரி 2019இல் தீர்ப்பளித்தது. அந்த அறுவருக்குப் பிறகு, அந்த இரவுக் கொலைகளுக்காக வேறு யாரும் தண்டிக்கப்பட்டதில்லை.

(தொடரும்)